சர்க்கரையும் பிரஷரும் உள்ள அப்பா வெள்ளியங்கிரி ஏறலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஈரோட்டில் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்கள் அப்பாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, அப்புறம் வந்த பிரஷர். மாத்திரையில் இரண்டும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, இசிஜி நார்மல். வரும் சித்திரா பௌர்ணமிக்கு, கோவை பக்கம் ஏழு மலைகளைத் தாண்டி உச்சிக்குப் போகும் வெள்ளியங்கிரி ஏறியே தீருவேன் என்கிறார். தம்பியும் தம்பியின் நண்பர்களும் கூடப் போகிறார்கள். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. மேலே ஆக்ஸிஜன் குறைவு என்கிறார்களே, ஆக்ஸிஜன் கேன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா என்று முடித்திருக்கிறீர்கள். கேள்வி ஆக்ஸிஜனில் முடிந்தாலும், அப்பாவின் இதயம் அந்த ஏற்றத்தைத் தாங்குமா, அவரைத் தடுப்பதா விடுவதா என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கோவையில் பொது மருத்துவம் பார்க்கிறவன். மலை சீசனில் ஏறப் போகிறவர்களும் வருவார்கள், ஏறி இறங்கிப் படுத்தவர்களும் வருவார்கள். அப்பாவை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சித்திரை வேண்டாம். அடுத்த வருடம் வனத்துறை பிப்ரவரியில் பாதையைத் திறந்ததும், மாசியிலோ பங்குனி ஆரம்பத்திலோ, கூட்டமில்லாத ஒரு வார நாளில் போகட்டும். அதற்குள் ஒரு பரிசோதனையும் சில மாத நடைப்பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். "வயசாகிவிட்டது, இனிமேல் மலையெல்லாம் எதற்கு" என்று நீங்களும் சொல்லாதீர்கள். 61 ஒரு தடையே இல்லை. தினமும் தோட்டத்தில் வேலை செய்யும் 65 வயதுக்காரர் நிதானமாக ஏறி இறங்குவதும், நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கும் 40 வயதுக்காரர் முதல் மலையிலேயே மடங்கிப்போவதும் நடக்கிற விஷயம்தான். உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஆக்ஸிஜன். வெள்ளியங்கிரி உச்சி சுமார் 6,000 அடி, அதாவது 1,800 மீட்டர். ஊட்டி நகரம் 2,240 மீட்டரில் இருக்கிறது, தொட்டபெட்டா 2,637 மீட்டர். பைபாஸ் செய்தவர்கள்கூட பஸ்ஸில் ஊட்டிக்குப் போய், பூங்காவைச் சுற்றிப் பார்த்து, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். உயரத்தால் மட்டும் வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். 1,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். நுரையீரல் நன்றாக உள்ளவருக்கு இந்தக் குறைவு பெரிதாகத் தெரியாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ கடுமையான ரத்தசோகையோ இருந்தால் கதை வேறு. அப்பாவுக்கு அவை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆக வெள்ளியங்கிரியில் மூச்சு வாங்குவதற்குக் காரணம் காற்று அல்ல, ஏற்றம்தான். அந்தக் கேனில் இருப்பது வேகமாக மூச்சு வாங்குகிறவருக்குச் சில நிமிடத்துக்குக்கூடக் காணாது. அதைவிட, "கேன் இருக்கிறதே" என்ற தைரியத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஏறிவிடுவார்கள் என்பது என் பயம். கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்ஸிஜன் ஏறும் என்பதும் அப்படித்தான். மூக்கில் குளிர்ச்சியாக இருக்கும், ரத்தத்தில் எதுவும் மாறாது. தப்பித் தவறி வாயில் போட்டால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும்.

ஏற்றம் எவ்வளவு என்று பார்த்தால் பயம் எதில் இருக்க வேண்டும் என்று புரியும். பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சி வரை உயரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால் முந்நூறு மாடிக்கு மேல், அதுவும் தூக்கம் இல்லாத ஒரே இரவில். உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், சென்னிமலையின் 1,320 படியைக் குறைந்தது நான்கைந்து தடவை தொடர்ந்து ஏறுவதற்குச் சமம். வழுக்கும் பாறை, இருட்டு, கூட்டம் எல்லாம் இதற்கு மேல். முதல் மலையின் படிகளே செங்குத்து. நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு, உடம்பு களைத்த பிறகு ஏழாவது மலை மறுபடி செங்குத்தாக நிற்கும்.

ஒவ்வொரு சீசனிலும் அங்கே மரணங்கள் செய்தியில் வருகின்றன. அவற்றில் பல, ஏறும்போது மூச்சுத்திணறி மயங்கி விழுந்தவர்களுடையவை. ஒவ்வொருவருக்கும் உள்ளே என்ன நடந்தது என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவர் கடும் உழைப்பின் நடுவே திடீரென்று விழுந்தால், மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது இதய ரத்தக் குழாய் அடைப்பைத்தான். பழக்கமில்லாத உடம்பு ஒரே நாளில் பெரிய உழைப்பில் இறங்கும்போது மாரடைப்பு அபாயம் பல மடங்கு கூடுகிறது, தவறாமல் உடற்பயிற்சி செய்கிறவருக்கு அபாயம் அப்படிக் கூடுவது மிகக் குறைவு. இது பல நாடுகளில் பார்த்து உறுதியான விஷயம், சந்தேகத்துக்கு இடமில்லை. வனத்துறையும் இதய நோய், மூச்சுத் தொந்தரவு, கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. நாம்தான் அதை அடுத்தவருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்.

சர்க்கரை உள்ளவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. இதயத்துக்கு ரத்தம் போதாதபோது வரவேண்டிய நெஞ்சுவலி அவர்களுக்குச் சரியாக வராமல் போகலாம். வலிக்குப் பதிலாக அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, குப்பென்று வியர்வை, குமட்டல், தாடையிலோ இடது தோளிலோ ஒரு இழுப்பு, மேல் வயிற்றில் ஒரு பாரம், இப்படி எதுவாகவும் வரும். நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பெயர் வாயு. ஓம வாட்டர் குடித்து, ஜெலூசில் ஒரு மூடி குடித்து, முதுகை நீவிவிட்டு, "ஏப்பம் வந்துவிட்டது, வா ஏறலாம்" என்பார்கள். ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடும் தொந்தரவு எதுவாக இருந்தாலும் அதை இதயம் என்றே முதலில் நினைக்க வேண்டும். வாயுவுக்கு நீங்கள் ஏறுகிறீர்களா உட்கார்ந்திருக்கிறீர்களா என்று தெரியாது. அப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள்: மாடி ஏறும்போது, சாப்பிட்டதும் நடக்கும்போது, இப்படி ஏதாவது வந்து போகிறதா? "எப்பவாவது" என்று சொன்னால்கூட மலைப் பேச்சை நிறுத்திவிட்டு அந்த வாரத்திலேயே இதய மருத்துவரைப் பாருங்கள்.

இசிஜி நார்மல் என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அது படுத்திருக்கும்போது எடுத்தது. குழாயில் கணிசமான அடைப்பு உள்ளவருக்கும் ஓய்வில் எடுத்த இசிஜி நார்மலாக வருவது சாதாரணம். எக்கோ என்ற இதய ஸ்கேனும் அப்படியே. உழைப்பின்போது இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க டிரெட்மில் சோதனை இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒன்பது நிமிடம், அதாவது மூன்று கட்டம், எந்தத் தொந்தரவும் இசிஜியில் மாற்றமும் இல்லாமல் முடித்தால் மலை ஏறும் திறன் ஓரளவுக்கு இருக்கிறது என்று சொல்லலாம். ஐந்து நிமிடத்தில் கையைத் தூக்கிவிட்டால், இசிஜி சுத்தமாக இருந்தாலும் அவர் இப்போதைக்கு வெள்ளியங்கிரிக்கு ஆள் இல்லை. இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. சில அடைப்புகளைத் தவறவிடும், சிலருக்கு இல்லாத அடைப்பை இருப்பதுபோல் காட்டும். தொந்தரவே இல்லாதவர்களுக்கு இதைச் செய்வதால் உயிர் காக்கப்படுகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ஆனால் ஒன்பது வருடச் சர்க்கரை, கூடவே பிரஷர், உட்கார்ந்த வாழ்க்கை, திடீரென்று முந்நூறு மாடி என்று எல்லாம் சேரும்போது நான் செய்யச் சொல்வேன். நார்மல் என்று வந்தால் அது உத்தரவாதச் சீட்டு இல்லை என்பதையும் அப்பாவிடம் சொல்லித்தான் அனுப்புவேன். அப்படியே கண் விழித்திரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரையால் அங்கே புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் மூச்சைப் பிடித்துச் செய்யும் உழைப்பு ரத்தக்கசிவில் முடியலாம்.

பயிற்சிக்கு ஈரோட்டுக்காரருக்குச் சென்னிமலையை விட நல்ல இடம் இல்லை. முதல் மாதம் சமதளத்தில் தினமும் அரை மணி, முக்கால் மணி வேக நடை. அப்புறம் வாரம் ஒருமுறை சென்னிமலைப் படி, போகப் போக வாரம் இரண்டு முறை. ஏறுவதைப் போலவே இறங்குவதும் நடந்தே இருக்க வேண்டும், பஸ்ஸில் இறங்கிவிடக் கூடாது. தொடையின் முன்பக்கத் தசை இறக்கத்தில்தான் அடி வாங்கும், பழக்கிவிட்டால் அதுவே முட்டியைக் காப்பாற்றும். ஒரே நாளில் சென்னிமலையை இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் வழக்கம்போல எழுந்து கடையைத் திறக்கிறார் என்றால் சரி, தயார். இதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து வாரத்தில் ஆகாது, அதனால்தான் சித்திரை வேண்டாம் என்றேன்.

மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலையில் பாதித் தொல்லை அங்கேதான். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகும் பயம் குறைவு. நம் ஊரில் பலர் சாப்பிடுவது கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று சரியாகச் சாப்பிடாமல், இரவெல்லாம் ஏறினால் நடுமலையில் கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறும். இன்சுலினும் அப்படியே. பிரஷருக்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுக்கிறவராக இருந்தால் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகும், வியர்வை ஒன்றுதான் துப்பு. டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும், சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை கலந்த பிரஷர் மருந்துகளும் உடம்பில் தண்ணீர் வற்றும்போது தொல்லை தரும். இவற்றில் எதை அந்த ஒரு நாள் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள், நான் இங்கிருந்து சொல்வது சரியாக இருக்காது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: முட்டி வலிக்கும் என்று முன்னெச்சரிக்கையாக டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஏற வேண்டாம். பிரஷர் மாத்திரை, நீர் வற்றிய உடம்பு, அதோடு இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடும். மலை ஏறிவிட்டு வந்தவர்களிடம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வியே வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்பதுதான்.

பாதம். நிறையப் பேர் வேண்டுதலாக வெறுங்காலில் ஏறுகிறார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். ஒன்பது வருடச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கத் தொடங்கியிருக்கலாம், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். இரவில் கல் குத்துவதும் தெரியாது, பகலில் இறங்கும்போது வெயிலில் காய்ந்த பாறை சுடுவதும் தெரியாது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் சாக்ஸில் கசிவைப் பார்த்துத்தான் தெரியும், அதற்குள் புண் ஆழமாகப் போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் பக்தர்களிடம் விட்டுக்கொடுப்பதில்லை. ஏற்கெனவே காலில் பழகிய ஷூ, பருத்தி கலந்த தடித்த சாக்ஸ், உச்சியில் சன்னதிக்கு முன்னால் மட்டும் கழற்றினால் போதும். புது ஷூவை அன்றைக்கென்று வாங்கிப் போடுவது வெறுங்காலைவிடக் கொஞ்சம்தான் மேல். திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்கு ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் யாராவது பார்த்துவிட வேண்டும்.

ஏறும் நாளில் உங்கள் தம்பிதான் முக்கியம். அப்பாவைவிட அவரிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும். இளவட்டங்கள் சேர்ந்தால் நாலைந்து மணி நேரத்தில் உச்சி, அங்கே சூரிய உதயம், போட்டோ என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அப்பா அந்தக் கணக்கைப் பிடிக்க ஓடுவார், மகன் முன்னால் முடியவில்லை என்று சொல்ல மாட்டார். அப்பாவோடு ஒருவர் கடைசி வரை அவருடைய நடையில் நடக்க வேண்டும், அவர் முன்னே போகட்டும், இவர் பின்னே. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும். முதல் மலை முடிவில் வெள்ளை விநாயகர் கோயில் வரும். அங்கே கால் மணி நேரம் உட்கார வையுங்கள். அந்த ஓய்வுக்குப் பிறகும் மூச்சும் படபடப்பும் அடங்கவில்லை என்றால் அங்கிருந்தே இறக்கம். இதைப் பூண்டியில் ஏறத் தொடங்கும் முன்பே எல்லோரும் பேசி முடித்திருக்க வேண்டும். பாதி மலையில் வைத்து முடிவெடுத்தால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்பதுதான் ஜெயிக்கும்.

சாப்பாடு வயிறு முட்ட வேண்டாம், பட்டினியும் வேண்டாம். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி மாதிரி ஏதாவது, வழியில் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கடலையோ ஒரு வாழைப்பழமோ. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடி கட்டாயம். தாழ்நிலை என்று சந்தேகம் வந்தால் மூன்று டீஸ்பூன் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். தண்ணீரைத் தாகத்துக்கு முந்தி கொஞ்சம் கொஞ்சமாக, உப்புப் போட்ட நீர்மோரோ ஓஆர்எஸ்ஸோ இடையிடையே. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவும் மயக்கத்தில் விடும். சுனைத் தண்ணீரை மூலிகைத் தண்ணீர் என்பார்கள். கூட்ட நாளில் அதில் எத்தனை பேர் கை கால் கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், குடிப்பதென்றால் குளோரின் மாத்திரை போட்டுக் குடியுங்கள். ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவது வழக்கம். வியர்த்துக் கொதிக்கும் உடம்பில் அந்தக் குளிர் நீர் விழுந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் சட்டென்று எகிறும். அப்பா தலையில் தெளித்துக்கொள்ளட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. உச்சியில் காற்று ஊசியாகக் குத்தும், ஈரச் சட்டையை மாற்ற ஒரு உலர்ந்த சட்டையும் காதை மூட ஒரு துண்டும் வேண்டும். யானை நடமாட்டம் உள்ள காடு என்பதால் இயற்கை உபாதைக்குக்கூடத் தனியாகப் பாதையை விட்டு விலகக் கூடாது.

அசம்பாவிதம் என்றால் என்ன வழி என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. மேலே வண்டி வராது. டோலி கட்டித் தூக்கி இறக்குவதற்கு மணிக்கணக்கில் ஆகும், 108 அடிவாரத்தில்தான் நிற்கும். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் உடனே உட்கார வைக்க வேண்டும், ஒரு படிகூட நடக்க விடக் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் ரத்தக்கசிவு, ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் மாத்திரை இவை எதுவும் இல்லாதவர் என்றால் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கலாம், 75 மி.கி. மாத்திரை என்றால் நாலு. நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை மருத்துவர் அவருக்கென்று எழுதித் தந்திருந்தால் மட்டும் கொடுங்கள், பிரஷர் இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. நினைவில்லாமல் விழுந்து, மூச்சும் இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தம்பியும் நண்பர்களும் இதை ஒருமுறை நேரில் பழகிக்கொண்டு போகட்டும். ஆனால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி கிடைக்கப் பல மணி நேரம் ஆகும் இடத்தில் இதனால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. கீழே இருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

டிரெட்மில்லில் ஏதாவது தெரிந்து மலை கூடாது என்றே ஆகிவிட்டால், பூண்டியில் அடிவாரத்திலேயே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டு வரலாம், அப்பாவுக்குச் சமாதானமாகாது என்றாலும்.

கடைசியாக, திரும்பும் பயணம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஏறி, காலை வெயிலில் இறங்கி, அப்படியே காரை எடுத்து ஈரோட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவது வாலிபர்களுக்கு மலையைவிட ஆபத்தானது. தூக்கம் கண்ணைச் செருகும்போது ஜன்னலைத் திறப்பதோ பாட்டைச் சத்தமாக வைப்பதோ உதவாது. மலை ஏறாத ஒருவரை வண்டி ஓட்ட வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடிவாரத்தில் நாலைந்து மணி நேரம் தூங்கி எழுந்து கிளம்பட்டும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் காரையே எடுக்க வேண்டாம். காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் பஸ் இருக்கிறது, கோவை ஜங்ஷனிலிருந்து ஈரோட்டுக்கு ரயில் நிறைய.